ஒரு காணி, இரண்டு பங்காளி

எங்கள் சர்வேயர் சார் வாயிலிருந்து 'உத்தேசமா' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. மணி கேட்டால் பத்தேகால் என்று சொல்லமாட்டார், பத்து பதினேழு என்பார். ஓட்டலில் எத்தனை இட்லி என்று கேட்டால் "மூணரை" என்பார். பரிமாறுகிறவன் முழித்துவிட்டு நாலு வைத்துப் போவான். இவர் நாலாவதைச் சரிபாதியாகக் கிள்ளி என் இலையில் வைப்பார். அந்த அரை இட்லிகளைத் தின்றே எனக்குத் தொப்பை விழுந்தது என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

நான் செயின்மேனாக இருந்தவன். நிலம் அளக்கிற சர்வேயருக்கு முன்னால் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடக்கிறவனுக்கு அந்தப் பெயர். பல சர்வேயர்களைப் பார்த்திருக்கிறேன். ஜீப்பை விட்டு இறங்காமலே அளந்தவர் உண்டு, அளந்துகொண்டே தூங்கியவரும் உண்டு. பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் கழித்து இவர் வந்தார். எனக்கு அப்போது நாற்பத்தேழு, அவருக்கு முப்பத்தொன்று. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைச் சார் என்பேன்.

வந்த புதிதில் குன்னத்துக்குத் தெற்கே ஒரு கொல்லையை அளந்துகொண்டிருந்தோம். மக்காச்சோளம் ஒடித்து முடித்த வெறும் கொல்லை. சித்திரை வெயில். மூன்று பக்கம் முடித்து நாலாவது பக்கம் திரும்பும்போது மனிதர் தள்ளாட ஆரம்பித்தார். கால் ஒரு பக்கம் போகிறது, இடுப்பு ஒரு பக்கம் போகிறது. நான் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பதறாதீங்கண்ணே. யாருன்னு மொதல்ல பாப்போம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் எங்கள் இருவரைத் தவிர ஒரு காக்கை கூட இல்லை. அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் அனுப்பியது. விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதற்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது.

"நூத்தி அறுபத்திரெண்டு. அப்ப இது பெரியவன் இல்ல, சின்னவன். துண்ட நனைச்சுக் குடுங்கண்ணே."

ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் சொன்ன கதையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"என் ஒடம்பு ஒரு காணி நெலம்னு வெச்சுக்குங்க. அதுல ரெண்டு பங்காளி. பெரியவன் சர்க்கரை, இருபத்திரெண்டு வயசுல வந்தான். சின்னவன் அஞ்சு வருசம் கழிச்சு வந்தான். அவன் பேரு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நரம்புக்கு மேல ஒரு ஒறை இருக்கு, கரண்டு வயருக்கு ரப்பர் மாதிரி. ஒடம்புக்குக் காவல் இருக்க வேண்டியதே அத எதிரின்னு நெனச்சு அங்கங்க கடிச்சு வெச்சிருக்கு. வெயில் ஏறுனா கரண்டு ஒழுங்கா ஓடாது. காலு பின்னும், கண்ணு மங்கும். குளுந்தா திரும்பி வந்துரும். பெரியவன் எழுபதுக்குக் கீழ எறங்குனாலும் இதே தள்ளாட்டந்தான். எவன் வேலைன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது. அளந்தாத்தான் தெரியும்."

அவர் ஏன் எதையும் அளக்காமல் பேசமாட்டேன் என்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சின்னவன் வந்த புதிதில் கால் மரத்தது. பார்த்த வைத்தியர்கள் எல்லாரும், சர்க்கரைக்காரனுக்குக் கால் மரக்கத்தான் செய்யும் என்று சொல்லி, பெரியவன் தலையிலேயே பழியைப் போட்டார்கள். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் சோற்றுத் தட்டு இரண்டாகத் தெரிய, திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் நிலத்தில் இன்னொரு பங்காளி இருப்பதே தெரிந்திருக்கிறது.

நானும் ஒருமுறை அந்தத் தப்பைச் செய்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு வெங்காயக் கொல்லையில் அவருக்கு நாக்கு குழறியது. நான் பெரிய வைத்தியன் மாதிரி, கலர் பாட்டில் ஒன்றை உடைத்து வாயில் ஊற்றிவிட்டேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றதும் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் மெஷினைக் காட்டினால் முந்நூற்று நாற்பது. வந்திருந்தவன் சின்னவன். பெரியவன் இறங்கிவிட்டான் என்று நினைத்து நான் அவனுக்கு வீணாக விருந்து வைத்துவிட்டேன்.

"அளக்காம கல்ல நட்டுட்டீங்களேண்ணே," என்றார். அவ்வளவுதான் கோபம்.

தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு சங்கிலி தூரம், அதாவது இருபது மீட்டர், நடந்து பார்ப்பார். எத்தனை எட்டு, எத்தனை விநாடி என்று நான் சொல்லவேண்டும். அதை வைத்து "இன்னைக்கு அறுநூறு மீட்டர் காலு இருக்குண்ணே" என்பார். பேங்கில் இருப்பு பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கொல்லைக்குப் போவது என்று முடிவு செய்வார். குடியானவர்களைக் காலை ஆறு மணிக்கே வரச்சொல்வார். எங்கள் பக்கத்தில் சர்வேயர் என்றால் டிபன் சாப்பிட்டுப் பதினோரு மணிக்கு வருகிறவர். இவர் பனி காய்வதற்குள் வந்து நிற்பதைப் பார்த்து ஜனங்கள் மிரண்டார்கள். வெயில் ஏறியதும் அவர் மரத்தடியில் நின்று கையைக் காட்டுவார், நான் கொடிக்கம்போடு ஓடுவேன். அவருடைய கால் தீர்ந்த இடத்தில் என் கால் ஆரம்பிக்கும்.

ஒரு ஐப்பசியில் சின்னவன் பெரிதாகக் கிளம்பினான். ஒரே வாரத்தில் இடது கண் இருட்டிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். நான் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு எங்கள் கொல்லைக் கேழ்வரகில் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பிரசாதத்தோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து வரைபடத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் சர்க்கரையை அளந்து புள்ளி வைத்து, மலை மாதிரி ஒரு படம்.

"சின்னவன அடக்குற மருந்து பெரியவனுக்குச் சாராயம்ணே. நானூத்தி பதினெட்டுல நின்னு ஆடுறான்."

பக்கத்தில் அவர் சம்சாரம் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றது. சர்க்கரைப் பொங்கலை எடுத்து வந்தவன் நான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் ஒரு ஸ்பூன் மட்டும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "பெருமாளுக்காக ரெண்டு யூனிட் கூடப் போட்டுக்கறேன்" என்று ஊசியில் இன்சுலின் மருந்தை ஏற்றினார். சம்சாரம் பிளாஸ்க்கைக் கழுவப் போன சமயத்தில்தான் குரல் இறங்கியது.

"பயமா இருக்குண்ணே. அடுத்தது எப்ப, எங்க கடிப்பான்னு டாக்டருக்கே தெரியாதாம். என்னால அளக்க முடியாதது இது ஒண்ணுதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் பார்வை மெல்லத் திரும்பியது, முக்கால் பங்கு என்று அவர் கணக்கு.

இனி என் யோக்கியதையைச் சொல்லவேண்டும். அவர் தள்ளாடுவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அதிகாரியிடம் நேரே கேட்பார்களா? அவரிடம் கேட்டிருந்தால் மெஷினைக் காட்டி விளக்கம் சொல்லியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார் நேத்து கொஞ்சம் போட்டுட்டாரு. காலைல எறங்கல."

அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நரம்பு வியாதி என்றால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிற லாட்ஜ் வைத்தியம்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். சின்ன வயசுக்காரர், மானம் போய்விடும். அதோடு, வியாதிக்காரன் அளந்த அளவை எவன் நம்புவான்? குடிகாரன் என்றால் பரவாயில்லை. குடித்துவிட்டும் வேலையில் சுத்தமாக இருப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனி மதிப்பே உண்டு.

பொய் நன்றாக வேலை செய்தது. நாலு வருஷம் ஒருவரும் அவரைப் பற்றிக் குறை பேசவில்லை. அளந்து முடித்ததும் சிலர் மஞ்சள் பையில் எதையோ சுற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்கள்.

"ஏண்ணே, எல்லாரும் எனக்கு மட்டும் பாட்டில் கொண்டாறாங்க?"

"அன்புதான் சார்," என்பேன். அவர் "திருப்பிக் குடுத்துருங்கண்ணே" என்று என்னிடம் நீட்டுவார். நான் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

வினை விக்கிரமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு கிணறு. அது யார் பக்கம் என்று எட்டு வருஷமாகச் சண்டை. சார் அளந்தார். கிணறு முழுக்கத் தம்பி பக்கம் வந்தது. அண்ணன்காரன் மேலிடத்துக்கு மனுப் போட்டுவிட்டான். சர்வேயர் குடிபோதையில் அளந்தார், அவர் குடிப்பதை அவருடைய செயின்மேனே பலமுறை சொல்லியிருக்கிறார் என்று என் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தான்.

மனுவின் நகலோடு சார் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இதுல ஒங்க பேரு எப்படிண்ணே வந்துச்சு?"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை.

"என்னைக் குடிகாரன்னு சொன்னது கூடப் போவுது. நாலு வருசமா நான் நட்ட கல்லு அத்தனையையும் இனிமே எவன் வேணா ஆட்டிப் பாப்பான். அது ஒங்களுக்குத் தெரியுமா?"

குடித்தது நிஜம் என்று முடிவானால் சஸ்பெண்ட். வியாதி என்று சொன்னால் மெடிக்கல் போர்டு. நடக்க முடியாதவனுக்கு சர்வேயர் வேலை எதற்கு என்று அவர்கள் எழுதிவிட்டால் முப்பத்தைந்து வயதில் வீட்டில் உட்காரவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். அதைத் தோண்டியவன் நான்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்துடறேன் சார்."

"எழுத வேணாம். எங்க சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க."

விசாரணைக்கு மேலதிகாரி நேரிலேயே வந்தார். கிணற்றுப் பக்கத்துப் புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நான் நடுவில் போய் நின்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். சார் குடிக்கிறவரே இல்லை, நான்தான் பொய் சொன்னேன், கொடுத்த பாட்டில்களையும் நான்தான் குடித்தேன். கூட்டம் சிரித்தது. மேலதிகாரி சிரிக்கவில்லை.

அப்புறம் சார் எழுந்தார். கூச்சமே இல்லாமல், எனக்கு முதல் நாள் சொன்ன மாதிரியே பெரியவன் கதையையும் சின்னவன் கதையையும் ஊருக்கு முன்னால் சொன்னார். விரலைக் குத்தி மெஷினைக் காட்டி, "நூத்தி முப்பத்தொண்ணு" என்று உரக்கப் படித்தார். பங்காளிக் கதையைக் கேட்ட கிழவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாத பங்காளிச் சண்டையா?

அண்ணன்காரன் விடவில்லை. "அப்படின்னா எங்க கண்ணு முன்னாடி இப்ப நடந்து அளக்கட்டும்."

"அளக்கறேங்க. இந்த எல்லை நூத்தி எண்பது மீட்டர். இன்னைக்கு எனக்கு நானூறு மீட்டர் காலு இருக்கு. போறதுக்கும் வரதுக்கும் போதும்."

என்னை நம்பாமல் அண்ணன்காரனே சங்கிலியின் முன்நுனியைப் பிடித்தான். தலையில் ஈரத்துண்டோடு சார் பின்னால் நடந்தார். ஒவ்வொரு சங்கிலிக்கும் நின்று, குனிந்து, கம்பி குத்தி, எழுந்தார். சங்கிலி பிடிக்காமல் சும்மா நின்று பார்த்ததுதான் எனக்குப் பெரிய வேதனை. ஒன்பதாவது சங்கிலி முடிந்த இடத்தில் அவர் முன்பு நட்ட கல் இருந்தது. ஒரு சாண் கூட விலகவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழி தாண்டியதும் கால் பின்னிக்கொண்டது. விழப்போனவரை அண்ணன்காரன்தான் தாங்கிப் பிடித்தான்.

"கணக்குல நூத்தி இருவது மீட்டர் தப்பிடுச்சு," என்றார் சார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஒடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மனுவே போட்டிருக்க மாட்டேனே சார்."

"எனக்கு முடியலங்கறதுக்காக நீங்க கெணத்த விட வேணாங்க. அளவு சரின்னு தோணுச்சுன்னா விடுங்க."

அவன் அவரைத் தோளில் சாய்த்து மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கிணறு தம்பிக்கே நின்றது. மேலதிகாரி எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். எனக்கு அது குறைச்சல்தான். சாரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பவில்லை. நிலங்களின் புலப்படம் வரைகிற பிரிவுக்கு மாற்ற எழுதினார். உட்கார்ந்து வேலை. சார் வேலை பிழைத்தது.

நான் தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். மறுநாள் சார் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் பொய்ய எத்தனை ஊர்ல சொன்னீங்க?"

"ஒரு பத்து, பதினஞ்சு ஊரு இருக்கும் சார்."

"எண்ணிச் சொல்லுங்க."

உட்கார்ந்து எண்ணினேன். பதினாலு. பதினாலு ஊருக்கும் போய், எந்த டீக்கடையில், எந்தக் களத்துமேட்டில் சொன்னேனோ அங்கேயே நின்று மாற்றிச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார். விக்கிரமங்கலப் பக்கத்து ஊரில் சொல்லியாயிற்றே, பதிமூன்று போதாதா என்று பேரம் பேசிப் பார்த்தேன். அதைக் கழித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் மிதித்தேன். போன இடத்தில் எல்லாம் சிரிப்பு. சர்க்கரை இறங்கினாலும் மனுஷன் தள்ளாடுவான், நாக்கு குழறும், அவர் குடிக்கவில்லை என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டு வருவேன். எட்டு ஊர் இப்படியே முடிந்தது.

ஒன்பதாவது ஊரில் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளும்போது ஒரு பொம்பளை பின்னாலேயே வந்தது. ஆடு மேய்க்கிற கோலோடு வந்த நடுவயசுக்காரி.

"அண்ணே, செத்த நில்லுங்க. சர்க்கரை மாத்திரை திங்கறவங்களுக்கும் அப்படி வருமா?"

"வரும்னுதான் எங்க சார் சொல்லுவாரு. ஏம்மா?"

"எங்கூட்டுக்காரரும் சத்தியம் பண்றாருங்க, குடிக்கலன்னு. ரெண்டு வருசமாப் பண்றாரு. காலைல கொல்லைக்குப் போறவரு தள்ளாடிக்கிட்டு வருவாரு. கேட்டா ஒளறுவாரு. நாந்தான் நம்பல. வூட்டுக்குள்ள சேக்காம ஆட்டுக்கொட்டாயில படுக்க வெச்சிருக்கேன்."

நேரே சார் வீட்டுக்கு மிதித்தேன். மெஷினைக் கொடுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் "நானே வரேண்ணே" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். அப்போது அவர் கையில் கம்பு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு முந்நூறு மீட்டர். மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து நடந்தார். அந்த ஆள் அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்து கொட்டகையில் சாய்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. பெயர் கேட்டால் வாய்க்குள்ளேயே முனகினார். விஷயம் தெரியாமல் வழியில் பார்த்திருந்தால் நானே குடிகாரன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று அந்தம்மாவிடம் விசாரித்துவிட்டு, சார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைக் குத்தினார். நாற்பத்தாறு.

"காலைல மாத்திரைய முழுங்கிட்டு ஒண்ணும் சாப்புடாமக் கொல்லைக்குப் போயிருக்காரு. சர்க்கரைத் தண்ணி கொண்டாங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, அவரா முழுங்கட்டும்."

அந்தம்மா கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி குத்தினார், எழுபத்தெட்டு. அந்த ஆளுக்குக் கண் நிலைக்கு வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரி செய்துகொண்டு, "யாருங்க? எதுக்கு வந்திருக்கீங்க?" என்று தெளிவாகக் கேட்டார். டாக்டரிடம் போய் மாத்திரை அளவைக் குறைக்கவேண்டும் என்றும், அதுவரை சாப்பிடாமல் மாத்திரையைத் தொடக்கூடாது என்றும் சார் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தம்மா அதைக் கவனிக்கவே இல்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எந்திரிங்க," என்றது. "வூட்டுக்குள்ள வந்து படுங்க."

வாழ்க்கையில் நான் கேட்ட சொற்களில் இதைவிடப் பெரியது இல்லை. அதைக் கேட்கும்படி என்னை ஊர் ஊராக விரட்டிய அந்த மனிதருக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டவன். அவர் அன்றைக்கு இரண்டு நாளைக்கான கால் இருப்பைச் சேர்த்துச் செலவழித்துவிட்டார். அடுத்த இரண்டு நாள் ஆபீசுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி சைக்கிளை எடுத்தேன், இந்தத் தடவை திட்டாமல். பதினாலு ஊரும் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. ரிட்டயர் ஆகும்வரை, சங்கிலி பிடிக்கப் போன ஊரில் எல்லாம், தள்ளாடுகிற ஒரு ஆளைப் பார்த்தால் கிட்டே போய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.